சில ரூபாய் மாத்திரை கிடைக்காமல் விவசாயி சாகலாமா?

  

சங்கத்து நோட்டீஸ் என்றால் நெல் விலை, கரும்பு பாக்கி, ஏரிக் கால்வாய், கரண்ட் என்றுதான் இருக்கும் என்று நினைத்துக் கையில் வாங்கியிருப்பீர்கள். இந்த முறை ஒரு ஜுரத்தைப் பற்றி எழுதுகிறோம். ஏன் எழுதுகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

போன வட்டக்குழுக் கூட்டத்தில் இந்த விஷயத்தை எடுத்தவுடனே மூத்தவர் ஒருவர் எழுந்துவிட்டார். "மூட்டைக்கு இவ்வளவுன்னு கை நீட்டறான், அத்த கேக்க ஆளில்ல. கரும்புப் பணம் வரல. அதெல்லாம் வுட்டுட்டு ஜுரத்துக்கு நோட்டீஸ் போடறதா? நாம இன்னா சங்கமா, ஆஸ்பத்திரியா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். எங்களில் பாதிப் பேர் மனதிலும் அதுதான் இருந்தது.

அவர் உட்காருவதற்குள் பின்வரிசையில் இருந்து ஒரு அம்மா எழுந்தார். ஆரணிக்கு மேற்கே கமண்டல நாகநதி ஓரத்துக் கிராமம். சொந்தமாக ஒரு ஏக்கர், மீதி நாள் கூலி. "அண்ணா, மூட்டைக்குப் போன பணத்த என்னிக்காச்சும் வாங்கிடலாம். எங்க வூட்டுக்காரர யாரு குடுப்பா?" என்றார். கூட்டம் அமைதியாகிவிட்டது. அப்புறம் தீர்மானம் போடத் தகராறே இல்லை.

அவர் வீட்டுக்காரர் நம் சங்கத்து உறுப்பினர். போன வருஷம் மார்கழியில், சம்பா அறுப்புக்குக் கொஞ்சம் முன்னால், ஆற்றங்கரையில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தவர். ஒரு நாள் சாயங்காலம் தலைவலி, குளிர் ஜுரம். மழைக்கால ஜுரம், ரெண்டு நாளில் போய்விடும் என்று விட்டுவிட்டார்கள். போகவில்லை. பக்கத்து ஊர் கிளினிக்கில் ரத்தம் எடுத்து டைபாய்டு என்றார்கள். ஐந்து நாள் ஊசி, குளுக்கோஸ். ஜுரம் இறங்குவது போல இறங்கி ராத்திரியில் திரும்ப ஏறியது. இன்னொரு இடத்துக்குப் போனால் தட்டணு குறைவு, டெங்கு என்றார்கள். எங்கள் லட்சணத்தையும் சொல்ல வேண்டும். அவரை அந்த இரண்டாவது இடத்துக்கு வண்டி பிடித்து அனுப்பியதே சங்கத்துக்காரர்களாகிய நாங்கள்தான். நிலவேம்புக் கஷாயம் காய்ச்சிக் கொண்டுபோய் ஊற்றியதும் நாங்கள்தான். பதினோராம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. 108 பிடித்து வேலூர் போனார்கள்.

அங்கே வேட்டி மாற்றிய நர்ஸம்மாதான் பார்த்தார். அரைஞாண் கயிறு படுகிற இடத்தில், பீடி நெருப்பு வைத்தது போல ஒரு கருப்புப் பொருக்கு. சுற்றிலும் சிவப்பு. வலி கிடையாது, அரிப்பும் கிடையாது. அதனால் அவரும் சொல்லவில்லை, வீட்டிலும் யாரும் கேட்கவில்லை. டாக்டர் அதைப் பார்த்தவுடனேயே நோயின் பெயரைச் சொல்லிவிட்டாராம். சரியான மருந்தும் ஏறியது. ஆனால் நுரையீரலும் சிறுநீரகமும் கெட்டுப் போயிருந்தன. இரண்டாம் நாள் ராத்திரி போய்விட்டார்.

இதில் எங்களுக்குத் தூக்கம் வராமல் செய்வது அடுத்து நடந்ததுதான். பதினைந்து நாள் கழித்து அதே தெருவில், அதே ஆற்றங்கரையில் புல் அறுத்த இன்னொரு பெண்ணுக்கு அதே ஜுரம். இந்த முறை வீட்டுக்காரர்களே உஷாராகி உடம்பு முழுக்கத் தேடினார்கள். பாவாடை நாடா கட்டும் இடத்துக்குக் கீழே பொருக்கு இருந்தது. நேராக அரசு டாக்டரிடம் காட்டினார்கள். ஏழு நாளைக்கு மாத்திரை. இரண்டாம் நாளே ஜுரம் விட்டுவிட்டது. வெளியில் வாங்கியிருந்தாலும் நூறு ரூபாய் ஆகியிருக்காது. அந்த அம்மா வீட்டில் கறவை மாட்டை விற்று, காதில் கிடந்ததை வைத்து, எழுபதாயிரத்துக்கு மேல் செலவழித்தும் ஆள் மிஞ்சவில்லை. ஒரே தெரு, ஒரே ஜுரம்! நடுவில் இருந்தது ஒரு கருப்புப் பொருக்கைப் பார்த்ததும் பார்க்காததும்தான்.

இது என்ன ஜுரம்?

பெயர் ஸ்க்ரப் டைபஸ். பேப்பரில் 'உண்ணிக் காய்ச்சல்' என்று போடுகிறார்கள். அந்தப் பெயரே பாதிப் பேரைத் தப்பான பக்கம் திருப்பிவிடுகிறது. உண்ணி என்றதும் மாட்டு மடியிலும் நாய் காதிலும் கொழுத்துத் தொங்குமே, அதுதான் என்று நினைத்து மாட்டைத் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டியவர்களை எங்களுக்குத் தெரியும். அது அல்ல. இது கண்ணுக்கே சரியாகத் தெரியாத பூச்சி. ஒரு கடுகின் அகலத்தில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். கத்தரி இலைக்கு அடியில் வலை கட்டிப் பயிரைச் சுருட்டுகிற சிலந்திப்பேன் இருக்கிறதே, அந்த ஜாதி. முதல் மழைக்கு மானாவாரிக் கொல்லையில் சிவப்பு வெல்வெட்டுத் துணி போல ஊருமே பட்டுப்பூச்சி, அதற்கு இன்னும் நெருங்கின சொந்தம். (பட்டு நெய்கிற ஊரில் இந்தப் பெயரைச் சொன்னால் குழப்பம் வரும். பட்டுப்புழுவைச் சொல்லவில்லை. பிள்ளைகள் தீப்பெட்டியில் அடைத்து விளையாடுமே, அதைச் சொல்கிறோம். அது பாவம், யாரையும் ஒன்றும் செய்யாது.)

இந்தப் பூச்சி முட்டையிலிருந்து வெளிவந்தவுடன் ஆறு கால் குஞ்சாக இருக்கும். அந்த ஒரு பருவத்தில்தான், அதுவும் ஒரே ஒரு தடவைதான், ஓர் உயிரின் தோலில் ஒட்டிச் சாறு குடிக்கும். அதற்காகப் புல் நுனியிலும், சருகிலும், ஈரமும் நிழலும் உள்ள புதர் ஓரத்திலும் காத்திருக்கும். அந்த வழியாக எது போனாலும் ஏறிக்கொள்ளும். வழக்கமாகப் போவது எலிதான். வயல் எலி, வெள்ளெலி, பெருச்சாளி, மூஞ்சூறு. இவற்றின் காது மடலைப் பார்த்தால் குஞ்சுகள் கும்பலாக ஒட்டிக்கொண்டிருக்கும். புதுச்சேரியில் இருக்கும் நோய்க்கடத்தி ஆராய்ச்சி மையத்துக்காரர்கள் புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் பொறி வைத்துப் பிடித்துப் பார்த்ததில் மூஞ்சூறுதான் அதிகம் சிக்கியது. நாம் விநாயகர் வாகனம் என்று அடிக்காமல் விடுகிறோமே, வீட்டுச் சுவர் ஓரமாகக் கீச்சு கீச்சென்று ஓடுமே, அதேதான்.

குடித்து முடித்ததும் குஞ்சு கீழே மண்ணில் விழுந்துவிடும். அதற்குப் பிறகு அது நம் பக்கமே வராது. மண்ணுக்குள் சின்னப் பூச்சிகளையும் அவற்றின் முட்டைகளையும் தின்று பிழைத்துக்கொள்ளும். ஆனால் கிருமி அதன் உடம்பிலேயே இருக்கும். அதைவிட மோசம், தாயிடமிருந்து முட்டைக்கும் கிருமி இறங்கிவிடும். பிறக்கும்போதே நோயோடு பிறக்கிற குஞ்சு. ஆகவே கிருமிக்கு வீடு எது என்று கேட்டால் பூச்சிதான் வீடு. எலி அந்தப் பூச்சிக்குச் சோறு போட்டு, வரப்பு வரப்பாக ஏற்றிக்கொண்டு போகிற வண்டி. மனிதன் அந்த வழியில் தெரியாமல் கால் வைக்கிறவன்.

பூச்சி வெகுதூரம் போகாது. அதனால்தான் ஒரே ஊரில் கிழக்குத் தெருவில் நாலு பேருக்கு வரும், மேற்குத் தெருவில் ஒருவருக்கும் வராது. வேலிக்காத்தான் புதர், ஏரிக்கரை, ஆற்றுப் படுகை, அறுக்காமல் விட்ட கரும்புத் தோட்டத்து ஓரம், தரிசாகப் போட்ட கொல்லை, வீட்டுப் பின்புறம் வருஷக்கணக்கில் அடுக்கியிருக்கும் விறகு. இப்படிப்பட்ட இடங்கள்தான் அதற்குப் பிடிக்கும். மழை பிடித்த பிறகு, ஐப்பசியிலிருந்து மாசி வரைக்கும் நம் பக்கத்தில் ஜுரம் கூடுவதற்கும் இதுதான் காரணம். அறுப்பும், களை எடுப்பும், புல் அறுப்பும் நடக்கிற அதே மாதங்கள்!

கடித்து ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள், பெரும்பாலும் பத்து நாளில், ஜுரம் வரும். மண்டை பிளக்கிற தலைவலி, உடம்பு வலி, சிலருக்கு இருமல், சிலருக்கு வாந்தி. பொருக்கு இருக்கும் பக்கத்தில் நெறி கட்டும். பொருக்கு எல்லோருக்கும் இருக்காது, ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் கண்ணில் படும். அதுவும் அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு, பெண்களுக்கு மார்புக்கு அடியில் என்று வெளியில் காட்டக் கூச்சப்படும் இடங்களில்தான் இருக்கும். ஒருவரிடமிருந்து ஒருவருக்கு இது தொற்றாது. இதை அழுத்திச் சொல்கிறோம். கொரோனாவுக்குப் பிறகு எந்த ஜுரம் வந்தாலும் அந்த வீட்டுப் பக்கம் போகாதே என்கிற பழக்கம் வந்துவிட்டது. இறந்துபோனவர் வீட்டுப் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விளையாட விடவில்லை. அது தேவையில்லாத பாவம்.

புது நோயா?

புது நோய் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஜப்பானில் ஆற்றுப் படுகையில் பயிர் வைத்த விவசாயிகள் எத்தனையோ தலைமுறையாக இதில் செத்தார்கள். பூச்சியைச் சாந்தப்படுத்தக் கோயில்கூடக் கட்டி வைத்திருந்தார்கள், நாம் ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவது போல. இரண்டாம் உலகப் போரில் அசாம், பர்மா காடுகளில் கிடந்த சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் இதில் விழுந்தார்கள். நமக்குப் பக்கத்தில், வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் 2001-02 குளிர்காலத்திலேயே இந்த ஜுரம் கூட்டமாக வருவதைக் கண்டுபிடித்து எழுதிவிட்டார்கள். கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. நம் ஊர்க் கிளினிக்கில் இன்னும் டைபாய்டு என்றே சீட்டு எழுதுகிறார்கள்.

இதைவிடப் பெரிய கணக்கு 2025இல் வெளிவந்தது. வேலூர் சி.எம்.சி.யும் லண்டனில் உள்ள ஒரு பொதுச் சுகாதாரக் கல்லூரியும் சேர்ந்து, 2020இலிருந்து 2023 வரை தமிழ்நாட்டில் 37 கிராமங்களில் ஏறக்குறைய 32 ஆயிரம் பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். சில வாரங்களுக்கு ஒரு தடவை வீடு வீடாகப் போய் யாருக்காவது ஜுரம் வந்ததா என்று கேட்டார்கள், ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கிராமத்து ஜனங்களில் வருஷத்துக்குப் பத்துப் பேரில் ஒருவர் உடம்பில் இந்தக் கிருமி ஏறுகிறது என்று தெரிந்தது. ஏறியவர்களில் நூற்றுக்கு எட்டிலிருந்து பதினைந்து பேருக்கு ஜுரமாக வெளியில் வருகிறது. மீதிப் பேருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. ஆயிரம் தலை உள்ள ஒரு ஊருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வருஷத்துக்கு நூறு பேருக்குக் கிருமி, எட்டிலிருந்து பதினைந்து பேருக்கு ஜுரம். அந்த ஆய்வு நடந்த ஊர்களில் ஐந்து பேர் செத்தும் போனார்கள். இத்தனைக்கும் அவர்கள் ஆராய்ச்சிக்காரர்கள் வீடு தேடி வந்து பார்த்த ஜனங்கள். நம் வீட்டுக்கு யார் வருகிறார்கள்?

இதே சமயம், 2025 தொடக்கத்தில், தமிழ்நாடு பொது சுகாதாரத் துறையே வட மாவட்டங்களில் இந்த ஜுரம் கூடுகிறது, கவனமாக இருங்கள் என்று அறிவிப்புக் கொடுத்தது. அறிவிப்பு பேப்பரில் வந்தது. ஆற்றங்கரைக் கிராமத்துக்கு வந்து சேரவில்லை.

குற்றம் யார் மேல்?

ஒரு டாக்டர் மேல் பழி போட்டுவிட்டு எழுந்து போவது சுலபம். நாங்கள் அதைச் செய்யப் போவதில்லை. டைபாய்டு, டெங்கு, எலி ஜுரம், மலேரியா, இது எல்லாமே முதல் வாரத்தில் ஒரே மாதிரிதான் இருக்கும். தட்டணு டெங்குவிலும் குறையும், இதிலும் குறையும். டைபாய்டுக்கு ஊர் ஊராக எடுக்கிறார்களே வைடால் என்ற ரத்தப் பரிசோதனை, அதை ஒரு தடவை எடுத்து மட்டும் முடிவு சொல்ல முடியாது என்று மருத்துவப் புத்தகங்களே சொல்கின்றன. ஆனாலும் அதுதான் மலிவு, அதுதான் கைக்கு எட்டுகிறது.

மருந்து விஷயத்தில்தான் அநியாயம். டைபாய்டுக்கு என்று போடுகிற விலை உயர்ந்த ஊசிகள் இந்தக் கிருமியைத் தொடுவதே இல்லை. இந்தக் கிருமி நம் உடம்பின் அணுவுக்குள் போய் ஒளிந்துகொள்கிற ஜாதி. அங்கே போய் வேலை செய்வது டாக்ஸிசைக்ளின் என்ற பழைய மாத்திரை. ஒரு மாத்திரை ஒரு டீ விலைகூட இல்லை. கர்ப்பிணிகளுக்கு அஸித்ரோமைசின் கொடுப்பார்கள். முதல் ஐந்தாறு நாளுக்குள் கொடுத்துவிட்டால் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு நாளில் ஜுரம் விட்டுவிடும். இரண்டாவது வாரம் தாண்டினால் நுரையீரல், மூளை, சிறுநீரகம், கல்லீரல் என்று ஒவ்வொன்றாகப் பிடிக்கும். மோசமாகிவிட்ட ஆட்களுக்கு இரண்டு மருந்தையும் சேர்த்து நரம்பில் ஏற்றினால் ஒன்றை மட்டும் ஏற்றுவதைவிட நன்றாகத் தேறுகிறார்கள் என்று இந்தியாவில் ஏழு ஆஸ்பத்திரிகளில் ஏறக்குறைய 800 நோயாளிகளை வைத்துக் கண்டுபிடித்து 2023இல் வெளியிட்டார்கள். அதற்கும் முன்நின்றது நம் வேலூர் டாக்டர்கள்தான். உலகத்துக்கே வைத்தியம் சொன்ன ஊர் இங்கிருந்து 40 கிலோமீட்டர். அந்த வைத்தியம் 40 கிலோமீட்டர் தாண்டி வர எத்தனை வருஷம் ஆகும்?

அரசாங்கத்திடம் சட்டதிட்டம் இல்லையா என்றால் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2015லேயே வழிகாட்டி வெளியிட்டது. காரணம் தெரியாத ஜுரம் ஐந்து நாளைத் தாண்டினால் இந்த நோயைச் சந்தேகப்படு, பரிசோதனை முடிவு வரட்டும் என்று காத்திருக்காமல் மருந்தைத் தொடங்கு என்பது அதன் சாரம். எழுதி வைத்த காகிதம் அலமாரியில் இருக்கிறது.

காகிதம் கீழே இறங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு உத்தரப்பிரதேசத்துக் கோரக்பூரைப் பாருங்கள். அங்கே வருஷா வருஷம் மழைக்காலத்தில் குழந்தைகள் மூளைக் காய்ச்சலில் கொத்துக் கொத்தாகச் செத்தன. பல வருஷம் அதை ஜப்பான் மூளைக் காய்ச்சல் என்றே நினைத்தார்கள். தடுப்பூசி போட்ட பிறகும் சாவு நிற்கவில்லை. 2015, 2016இல் ஆராய்ந்து பார்த்தால் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு இருந்தது இதே ஸ்க்ரப் டைபஸ். அதன் பிறகுதான் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஜுரம் வந்த குழந்தைக்கு இந்த மருந்தைக் கொடுங்கள் என்று சொன்னார்கள். ஏழைப் பிள்ளைகள் அத்தனை பேர் செத்த பிறகு.

கூலிக்காரனும் சிறு விவசாயியும் ஒரு நாள் ஜுரத்தில் படுத்தால் ஒரு நாள் கூலி போச்சு. நெசவாளி நிலைமை என்ன? நம் சுற்றுவட்டாரத்தில் பாதி வீட்டில் மாமனார் ஏர் பிடிப்பார், மருமகள் தறியில் இருப்பாள். புல்லறுக்கப் போனவளுக்கு ஜுரம் என்றால் தறியில் பாதி நெய்த புடவை அப்படியே நிற்கும். புடவை முடித்துக் கொடுத்தால்தான் கூலி. முதலாளியிடம் வாங்கிய முன்பணம் மட்டும் நிற்காது, ஏறிக்கொண்டே போகும். ஆகவே ஜுரத்துக்கு நோட்டீஸ் போடுவது சங்கத்து வேலைதான், மூத்தவரே! கடனில் விழுவதற்குக் கொள்முதல் நிலையம் ஒரு வாசல், ஆஸ்பத்திரி இன்னொரு வாசல்.

நம் கையில் இருப்பது

அரசாங்கத்தைக் கேட்பதற்கு முன்னால் நம் முதுகையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். வீட்டை ஒட்டிய புதரை நாம் வெட்டுவதில்லை. விறகையும் வரட்டியையும் சுவரோடு சேர்த்து அடுக்குகிறோம். அதற்குள் எலி குட்டி போடுகிறது. விறகை ஒரு அடி உயரத்தில் கல் வைத்து, சுவரிலிருந்து தள்ளி அடுக்கினாலே போதும். நெல் மூட்டையும் வேர்க்கடலை மூட்டையும் படுக்கிற அறையிலேயே கிடக்கின்றன. வேறு இடம் இல்லாதவர்களுக்கு என்ன சொல்ல முடியும்? மூட்டைக்கு அடியில் பலகையாவது போடுங்கள்.

எலியை அடிக்கிறோம் என்று கிளம்புகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். எலியை மட்டும் ஒரே நாளில் ஒழித்துவிட்டுப் புதரை அப்படியே விட்டால், ஒட்டுவதற்கு எலி கிடைக்காத குஞ்சுகள் நம் காலைத்தான் பிடிக்கும். முதலில் புதரும் சருகும் போக வேண்டும், பிறகு எலி. வயலில் கிட்டி வைக்கலாம். ஆந்தை உட்கார வரப்பில் கம்பு நடலாம். சாரைப் பாம்பைக் கண்டதும் கல்லெடுக்காமல் இருக்கலாம். அதுதான் நமக்குச் சம்பளமில்லாத காவல்காரன். வளை தோண்டி எலி பிடிக்கிற இருளர் குடும்பங்களை அறுப்பு நேரத்தில் கூப்பிடுகிறோமே, அந்த எலி மேல் கை வைக்கிறவர்களும் அவர்கள்தான். அவர்களுக்கு ஜுரம் என்றால் முதலில் இதைத்தான் நினைக்க வேண்டும். நினைக்கிறோமா?

புல் அறுத்து, களை எடுத்து வந்தால் அந்தத் துணியோடு பாயில் படுக்காதீர்கள். குஞ்சு ஏறியவுடனே ஒட்டிக்கொள்ளாது. இடுக்கான இடம் தேடிக் கொஞ்ச நேரம் ஊரும். சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்து, துணியைச் சுடுநீரிலோ நல்ல வெயிலிலோ போட்டால் பாதி ஆபத்து அங்கேயே போய்விடும். வரப்பில் துண்டைக்கூட விரிக்காமல் புல்லின் மேலேயே சாய்கிற பழக்கத்தையும் விட வேண்டும். (எழுதுகிற எங்களுக்கும் இந்தப் பழக்கம் உண்டு.) ஏரிக்கரைப் பக்கம் ஒதுங்குவது இன்னும் பல ஊர்களில் நிற்கவில்லை. கழிப்பறை கட்டிக் கொடுத்தார்கள், தண்ணீர் கொடுக்கவில்லை. அதையும் சேர்த்தே கேட்போம்.

ஜுரம் வந்தால் உடம்பைத் தேடுங்கள். வீட்டு ஆண்களுக்கு ஆண்கள், பெண்களுக்குப் பெண்கள். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, முழங்காலுக்குப் பின்னால், மார்புக்கு அடியில், காதுக்குப் பின்னால். பொருக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் டாக்டரிடம், "ஐயா, நான் புல்லறுக்கிற ஆளு, உண்ணி ஜுரமா இருக்குமான்னு பாருங்க" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மாத்திரை பெயர் தெரிந்துவிட்டது என்று மெடிக்கலில் நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். பாதியில் நிறுத்தவும் செய்யாதீர்கள்.

நாங்கள் கேட்பது

ஆரணி, மேற்கு ஆரணி ஒன்றியங்களில் உள்ள ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஐந்து நாள் தாண்டிய ஜுரத்துக்கு உடம்பைச் சோதித்துப் பார்த்து, 2015 வழிகாட்டியில் உள்ளபடி அன்றே மருந்து தொடங்க வேண்டும். பெண்களைப் பார்க்கப் பெண் ஊழியர் இருக்க வேண்டும். இது இல்லாமல் மற்றது எதுவும் நடக்காது, ஏனென்றால் எந்த அம்மாவும் ஆம்பளை டாக்டர் முன்னால் இடுப்பைக் காட்ட மாட்டாள். இதற்கென்று உள்ள எலைசா ரத்தப் பரிசோதனைக்கு மாதிரியைக் கிராமத்திலிருந்தே எடுத்துப் போய் இரண்டு நாளில் முடிவு தர ஏற்பாடு வேண்டும். நரம்பில் ஏற்றும் இரண்டு மருந்தும் ஐப்பசி முதல் மாசி வரை ஆரணி அரசு மருத்துவமனையில் எந்நேரமும் இருப்பில் இருக்க வேண்டும். தனியார் கிளினிக்குகளுக்கும் மழைக்கு முன்பே சுற்றறிக்கை போக வேண்டும்.

ஊரக வேலைத் திட்டத்தில் (நாம் நூறு நாள் வேலை என்றே சொல்வோம்) ஏரிக்கரைப் புதரை வெட்ட நம் பெண்களைத்தான் வெறுங்காலோடு இறக்குகிறார்கள். காலுக்குப் பூட்ஸும் கைக்கு உறையும், வேலை முடிந்ததும் கழுவத் தண்ணீரும் சோப்பும் கொடுக்காமல் அந்த வேலைக்கு இறக்கக் கூடாது.

கடைசியாக ஒன்று. இதைத்தான் அதிகாரிகள் சுலபத்தில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். 2025-26 வேளாண் பட்ஜெட்டில் நிலமற்ற விவசாயத் தொழிலாளி விபத்தில் இறந்தால் 2 லட்சம், இயற்கை மரணம் என்றால் 30 ஆயிரம் என்று உயர்த்தி அறிவித்தார்கள். பாம்பு கடித்துச் செத்தால் விபத்து என்று வாதாடலாம். கண்ணுக்குத் தெரியாத பூச்சி அதே வரப்பில் கடித்துச் செத்தால் அது எப்படி இயற்கை மரணம் ஆகும்? கடித்தது பெரிசா சின்னதா என்பதா கணக்கு? வயலில் வேலை செய்ததால் வந்த சாவு. அதை விபத்தாக எழுது என்கிறோம். அந்த அம்மாவின் வீட்டுக்காரருக்கு வந்த தாளில் நிமோனியா, உறுப்புகள் செயலிழப்பு என்று எழுதியிருக்கிறது. ஸ்க்ரப் டைபஸ் என்ற வார்த்தை இறப்புத் தாளில் ஏறாத வரைக்கும் இந்த மாவட்டத்தில் இந்த நோயால் யாரும் சாகவில்லை என்று அவர்கள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

வருகிற விவசாயிகள் குறைதீர் நாளன்று திருவண்ணாமலை கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுக்கிறோம். கடந்த மூன்று வருஷத்தில் ஒரு வாரத்துக்கு மேல் ஜுரத்தில் படுத்தவர்கள், ஆளை இழந்தவர்கள் எல்லோரும் வர வேண்டும். மருந்துச் சீட்டு, ரத்தப் பரிசோதனைத் தாள், ஆஸ்பத்திரி ரசீது, அடகு ரசீது, எது கையில் இருக்கிறதோ அதன் நகலைக் கொண்டு வாருங்கள். தொலைத்துவிட்டவர்கள் வெறுங்கையோடு வந்தாலும் பரவாயில்லை, சங்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்வோம். அந்த அம்மா தன் தாள்களை ஒரு மஞ்சள் பையில் போட்டு ஏற்கெனவே எங்களிடம் கொடுத்துவிட்டார். காலை ஏழு மணிக்கு ஆரணி பஸ் ஸ்டாண்டில் கூடுகிறோம். மத்தியானச் சாப்பாடு சங்கத்துச் செலவு. குடிதண்ணீர் மட்டும் அவரவர் எடுத்து வந்துவிடுங்கள்.